மாறும் கருவிகளும் நிலைக்கும் அடிப்படைகளும்: ஈடுகொடுக்கும் மென்பொருள் உருவாக்குநராக வளர முழுமையான வழிகாட்டி

இணையப் பக்கங்களில் அசைபடங்களையும் விளையாட்டுகளையும் இயக்கிய அடோபி ஃபிளாஷுக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31 அன்று நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு ஜனவரி 1 அன்று பைத்தான் 2 மொழியின் பராமரிப்பு முடிவுக்கு வந்தது. 2010இல் வெளிவந்து சில ஆண்டுகள் இணையச் செயலிகளின் உலகில் கோலோச்சிய ஆங்குலர்ஜேஎஸ் என்ற ஃப்ரேம்வொர்க் (செயலிகளைக் கட்ட உதவும் ஆயத்தச் சட்டகம்), 2021இன் இறுதியோடு அதிகாரபூர்வ ஆதரவை இழந்தது. மறுபுறம், எட்கர் காட் 1970இல் முன்வைத்த தொடர்புசார் தரவு மாதிரியும் (தரவை அட்டவணைகளாக அமைக்கும் முறை), அதன்மேல் 1974இல் உருவான எஸ்க்யூஎல் என்ற வினவல் மொழியின் முதல் வடிவமும், 1981இல் வரையறுக்கப்பட்ட கணினிகளிடையே தரவை வரிசை மாறாமல் கொண்டுசேர்க்கும் டிசிபி நெறிமுறையும், 1970களின் தொடக்கத்தில் வந்த தரவை விரைந்து தேட உதவும் பி-ட்ரீ அமைப்பும் இன்று எழுதப்படும் வணிக மென்பொருள்களில் பெரும்பாலானவற்றின் அடியில் இயங்கிக்கொண்டிருக்கின்றன.

இந்த இரண்டு வரிசைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ஒரு மென்பொருள் உருவாக்குநர் தன் கற்கும் நேரத்தை எங்கே செலவிட வேண்டும் என்பது விளங்கும். வெளிவரும் ஒவ்வொரு ஃப்ரேம்வொர்க்கையும் துரத்துபவருக்கு ஓட்டம் ஒருநாளும் முடியாது. புதிய கருவிக்குள் இருக்கும் பழைய கருத்தை இனங்காணத் தெரிந்தவருக்கோ, பெரும்பாலான புதுமைகள் சில நாள்களில் பழகிவிடக்கூடியவை. அந்த இனங்காணும் திறனை எந்த வரிசையில் வளர்த்துக்கொள்வது என்பதே இந்த வழிகாட்டியின் பொருள். ஓரிரு ஆண்டு அனுபவம் உள்ளவரை மனத்தில் கொண்டு இது எழுதப்பட்டுள்ளது. புதியவர்கள் மூன்றாம் படியில் ஒரு மொழியை ஓரளவு பழகிவிட்டு, பின் முதல் படிக்கு வரலாம்.

முதல் படி: கையிருப்பைக் கணக்கெடுத்தல்

ஒரு தாளில் மூன்று பத்திகள் வரைந்துகொள்ளுங்கள். முதல் பத்தியில், ஐந்து ஆண்டுகளில் பயனற்றுப் போகக்கூடியவற்றை எழுதுங்கள்: ஒரு பில்டு கருவியின் (நிரலை இயங்கும் வடிவத்துக்கு மாற்றுவது) அமைப்புக் கோப்பு விதிகள், ஒரு மேகச் சேவையின் திரையில் எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்பது, ஒரு லைப்ரரியின் (ஆயத்த நிரல் தொகுப்பு) குறிப்பிட்ட பதிப்புக்கே உரிய நெளிவுசுளிவுகள். இரண்டாம் பத்தியில், பத்துப் பதினைந்து ஆண்டுகள் தாங்கக்கூடியவை வரும்: ஒரு நிரலாக்க மொழி, அதன் தரநிலை லைப்ரரி, கிட் (நிரலின் மாற்ற வரலாற்றைக் காக்கும் கருவி), லினக்ஸ் கட்டளைகள். மூன்றாம் பத்திக்கு உரியவை தலைமுறைகள் கடப்பவை: தரவுக் கட்டமைப்புகள், பரிவர்த்தனைகள் (முழுதாக நடக்க வேண்டிய, இல்லையேல் நடக்கவே கூடாத தரவு மாற்றங்கள்), வலைப்பின்னலின் இயல்புகள், ஒரே நேரத்தில் பல வேலைகள் நடக்கும்போது எழும் சிக்கல்கள்.

பிறகு, கடந்த மூன்று மாதங்களில் எதைக் கற்க எத்தனை மணி நேரம் செலவிட்டீர்கள் என்று தோராயமாக ஒவ்வொரு பத்தியின் கீழும் குறியுங்கள். பலருக்கும் முதல் பத்தியே நிரம்பி வழியும். வேலை அதைத்தான் கேட்கிறது என்பதால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் மூன்றாம் பத்தி தொடர்ந்து வெறுமையாகவே இருந்தால், ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை ஏறத்தாழத் தொடக்கத்திலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும்.

இரண்டாம் படி: அடிப்படைகளை அன்றாட வேலையின் வழியாகக் கற்றல்

அடிப்படை என்றவுடன் கல்லூரிப் பாடத்திட்டம் முழுவதையும் மீண்டும் படிக்க வேண்டும் என்று எண்ணிப் பலர் பின்வாங்குகின்றனர். அது தேவையில்லை. அன்றாட நிரலில் அடிக்கடி பிழையாக முளைக்கும் ஐந்து பகுதிகளை ஆழமாக அறிந்தால் பெரும்பகுதி வேலை முடிந்துவிடும்.

முதலாவது, தரவு கணினிக்குள் எப்படி இருக்கிறது என்பது. 0.1 உடன் 0.2ஐக் கூட்டினால் பெரும்பாலான மொழிகளில் 0.30000000000000004 வருவதற்குக் காரணம், 1985இல் வெளியான ஐஇஇஇ 754 தரநிலைப்படி எண்கள் இரும வடிவில் சேமிக்கப்படுவதும், 0.1 என்ற பின்னத்தை இருமத்தில் முடிவுறு இலக்கங்களால் எழுத முடியாது என்பதும்தான். இதை அறிந்தவர் பணத்தொகையை மிதவைப்புள்ளி எண்ணாகச் சேமிக்கமாட்டார். மிகச்சிறிய நாணய அலகில் முழு எண்ணாகவோ, தசம வகையிலோ வைப்பார். அதுபோலவே, குறியுள்ள 32 பிட் முழு எண்ணின் உச்ச வரம்பு 2147483647. நேரத்தை அப்படியோர் எண்ணில் வினாடிகளாகச் சேமிக்கும் அமைப்புகள் 2038 ஜனவரி 19 அன்று அந்த வரம்பைத் தாண்டும். ஜாவாவின் தரநிலை லைப்ரரியில் இருந்த இருமத் தேடல் நிரலில், நடு இடத்தைக் கண்டுபிடிக்க இரு எல்லைகளையும் கூட்டும்போது இதே வரம்பு மீறப்படும் பிழை சுமார் ஒன்பது ஆண்டுகள் ஒளிந்திருந்து 2006இல் வெளிச்சத்துக்கு வந்தது. உலகின் மிக எளிய அல்கோரிதங்களில் ஒன்றிலேயே இப்படி நடந்தது என்பதை நினைவில் வைப்பது நல்லது.

எழுத்துகளும் இந்தப் பகுதியில்தான் வருகின்றன. ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளம் என்ன என்று நிரலிடம் கேட்டுப் பாருங்கள். கண்ணுக்கு மூன்று எழுத்துகள். யூனிகோடு குறியீட்டுப் புள்ளிகளாக எண்ணினால் ஐந்து, ஏனெனில் இகரக் குறியும் புள்ளியும் தனித்தனியே கணக்கில் சேர்கின்றன. யூடிஎஃப்-8 வடிவில் ஒவ்வொரு குறியீட்டுப் புள்ளிக்கும் மூன்று பைட்டுகள் வீதம் பதினைந்து பைட்டுகள். பைத்தான் ஐந்து என்று சொல்லும், கோ மொழியின் நீளச் செயற்பாடு பதினைந்து என்று சொல்லும், ஸ்விஃப்ட் மூன்று என்று சொல்லும். மூன்றும் சரியான விடைகளே. கேள்விதான் வேறு வேறு. பெயர்ப் புலத்துக்கு இருபது எழுத்து வரம்பு வைக்கும்போது எதை எண்ணுகிறோம் என்று கேட்கத் தெரிந்திருப்பதே இங்கே கற்க வேண்டியது.

இரண்டாவது, செலவைக் கணிப்பது. ஒரு லட்சம் பதிவுகளில் ஒவ்வொன்றையும் மற்ற ஒவ்வொன்றோடும் ஒப்பிட்டு இரட்டைப் பதிவுகளைத் தேடினால் சுமார் 500 கோடி ஒப்பீடுகள் ஆகும். ஒரு ஹேஷ் டேபிளில் (மதிப்பைக் கொண்டே அதன் இடத்தைக் கணக்கிட்டு நேராக எடுக்கும் அமைப்பு) போட்டுத் தேடினால் சராசரியாக ஒரு லட்சம் தேடல்களில் வேலை முடியும். வரிசைப்படுத்திய 100 கோடி உறுப்புகளில் இருமத் தேடல் அதிகபட்சம் 30 ஒப்பீடுகளில் விடை தரும். அல்கோரிதத்தின் வளர்ச்சி வீதத்தோடு, எந்தச் செயல் எந்த அளவு நேரம் பிடிக்கும் என்ற உணர்வும் வேண்டும்: முதன்மை நினைவகத்தை அணுகுவது சுமார் 100 நானோ வினாடி, ஒளியிழையில் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்வதால், 10,000 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சர்வருக்குப் போய்வர எவ்வளவு முயன்றாலும் 100 மில்லி வினாடிக்குக் குறையாது. இவற்றுக்கிடையே பத்து லட்சம் மடங்கு வேறுபாடு இருக்கிறது. நிரல் மெதுவாக இயங்குகிறது என்றவுடன் ஒரு சுழற்சியை மாற்றி எழுதி நானோ வினாடிகளைச் சேமிக்கப் புறப்படுபவர், அதே நிரல் வலைப்பின்னல் வழியே நாற்பது முறை போய்வருவதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்.

மூன்றாவது, இயங்குதளம்: புராசஸ் (இயங்கிக்கொண்டிருக்கும் நிரல்), திரெட் (அதற்குள் ஓடும் ஒரு வேலைத்தொடர்), நினைவகம், கோப்பு. சர்வரில் ஜாவாஸ்கிரிப்டை இயக்கும் நோட்.ஜேஎஸ் நிரல் ஒரே திரெட்டில் நிகழ்வுச் சுழற்சியாக இயங்குவதால், கனமான கணக்கீடு ஒன்று அங்கே ஓடினால் காத்திருக்கும் எல்லாக் கோரிக்கைகளும் நின்றுவிடும். பைத்தானின் வழக்கமான வடிவமான சிபைத்தானில் பல திரெட்டுகளை உருவாக்கியும் கணக்கீடு வேகமாகாததற்கு ஒரு நேரத்தில் ஒரு திரெட்டை மட்டுமே ஓடவிடும் அதன் பொதுப் பூட்டு காரணம். அந்தப் பூட்டில்லாத சோதனை வடிவம் 2024இல் வெளியான 3.13 பதிப்பில்தான் வந்தது. திரெட் என்றால் என்ன, பூட்டு எதற்கு என்று தெரிந்தவருக்கு இவை ஒரே கருத்தின் இரு முகங்கள்.

நான்காவது, வலைப்பின்னல். முகவரியைத் தட்டச்சு செய்ததிலிருந்து பக்கம் தெரியும் வரை நடப்பதை, டிஎன்எஸ் (பெயரிலிருந்து கணினி முகவரியைக் காண்பது), டிசிபி, டிஎல்எஸ் (இணைப்பை மறையாக்குவது), எச்டிடிபி (பக்கத்தைக் கோரிப் பெறுவது) என்ற வரிசையில் தாளில் வரைந்து விளக்க முடிகிறதா என்று சோதியுங்கள். புதிய இணைப்பு ஒன்றில் டிசிபி கைகுலுக்கலுக்கு ஒரு போய்வருதல், 2018இல் தரநிலையான டிஎல்எஸ் 1.3க்கு இன்னொன்று, கோரிக்கைக்கு மற்றொன்று என மூன்று ஆகின்றன. மேலே சொன்ன தொலைவில் அதுவே 300 மில்லி வினாடி. 2022இல் தரநிலையான எச்டிடிபி/3, டிசிபியை விட்டு யூடிபியின்மேல் கட்டப்பட்ட க்விக் நெறிமுறைக்கு மாறியதற்கு, இந்தக் கைகுலுக்கல்களைச் சுருக்குவதும், தொலைந்த ஒரு பாக்கெட்டுக்காகப் பின்னால் வந்தவை அனைத்தும் காத்துக்கிடப்பதைத் தவிர்ப்பதும் முக்கியக் காரணங்கள். டிசிபி வரிசையை உறுதிசெய்கிறது, அதற்கொரு விலை உண்டு என்று முன்பே அறிந்தவர் இந்தப் புதிய நெறிமுறையின் நோக்கத்தை ஒரு மாலையில் புரிந்துகொள்வார்.

ஐந்தாவது, தரவுத்தளம். நிரலின் பொருள்களுக்கும் தரவுத்தள அட்டவணைகளுக்கும் இடையே மொழிபெயர்க்கும் ஓஆர்எம் லைப்ரரிகள் எஸ்க்யூஎல்லை மறைத்துவிடுவதால், ஒரு பட்டியலைக் காட்ட ஒரு வினவலும், பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் தனித்தனி வினவலும் ஓடுவது பலருக்குத் தெரிவதே இல்லை. இண்டெக்ஸ் (விரைந்து தேட உதவும் அகரவரிசைப் பட்டியல் போன்றது) எப்படி வேலை செய்கிறது, வினவல் திட்டத்தை (தரவுத்தளம் விடை தேடும் வழி) எப்படிப் படிப்பது, இருவர் ஒரே நேரத்தில் ஒரே இருப்பைப் படித்துக் கழித்து எழுதினால் என்ன ஆகும் என்ற மூன்றையும் செய்து பாருங்கள். தனிமைப்படுத்தல் நிலை என்பது, ஒரே நேரத்தில் நடக்கும் பரிவர்த்தனைகள் ஒன்றின் மாற்றத்தை மற்றொன்று எவ்வளவு காணலாம் என்ற விதி. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் அதன் இயல்பான நிலை ‘ரீட் கமிட்டெட்’, மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபியில் அது ‘ரிப்பீட்டபிள் ரீட்’. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது நிரல் ஒரு வரியும் மாறாமலேயே நடத்தை மாறக்கூடும்.

கணிதம், கோட்பாட்டுக் கணினியியல், கம்பைலர் நுட்பங்கள் போன்றவற்றை வேலை கேட்கும்போது படித்தால் போதும் என்பது என் கருத்து. மாறாக, மேற்சொன்ன ஐந்தையும் வாசிப்பதோடு நிறுத்தினால் தங்காது. சிறியதாகக் கட்டிப் பார்க்க வேண்டும். ஒரு ஹேஷ் டேபிளை எழுதி, அது நிரம்பும்போது ஏன் பெரிதாக்க வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். சாக்கெட்டை (வலைப்பின்னல் இணைப்பின் நிரல் முனை) மட்டும் கொண்டு ஒரு சிறு எச்டிடிபி சர்வரை எழுதுங்கள். கோரிக்கை துண்டு துண்டாக வந்து சேர்வதை அப்போதுதான் நேரில் காண்பீர்கள். ஒரு கோப்பின் இறுதியில் மட்டும் எழுதும் எளிய தரவுச் சேமிப்பைக் கட்டி, எழுதும் நடுவில் புராசஸைக் கொன்று, மீண்டும் தொடங்கும்போது எது மிஞ்சுகிறது என்று பாருங்கள். இவற்றில் ஒன்றுகூட வெளியிடும் தரத்தில் இருக்க வேண்டியதில்லை.

மூன்றாம் படி: ஒரு மொழியில் ஆழம், இன்னொன்றில் மாறுபாடு

வேலையில் பயன்படும் மொழியின் நினைவக மேலாண்மை, பிழை கையாளும் முறை, ஒத்தியங்கும் முறை, தரநிலை லைப்ரரி ஆகியவற்றைத் தேடல் இல்லாமல் விளக்கும் அளவுக்கு அறிந்துகொள்ளுங்கள். அதன் பிறகு எடுக்கும் இரண்டாவது மொழி, முதலாவதிலிருந்து இயல்பிலேயே வேறுபட்டதாக இருக்கட்டும். ஜாவா தெரிந்தவர் சி ஷார்ப் படிப்பதால் கிடைப்பது குறைவு. அவரே ரஸ்ட்டையோ ஹாஸ்கலையோ எலிக்சிரையோ எடுத்தால் சிந்திக்கும் முறையே மாறும்.

இதில் ஒரு நடைமுறை இலாபமும் உண்டு, ஏனெனில் மொழிகள் ஒன்றிடமிருந்து ஒன்று கடன் வாங்கிக்கொண்டே இருக்கின்றன. 1950களின் இறுதியில் உருவான லிஸ்ப் மொழியில் வந்த தானியங்கி நினைவக மீட்பு, பல பத்தாண்டுகள் கழித்து ஜாவாவோடு பொதுவழக்கானது. பெயரற்ற செயற்கூறுகள் ஜாவாவுக்கு 2014இல்தான் வந்தன. காத்திருக்கும் வேலைகளை எளிதாக எழுத உதவும் ‘அசிங்க்–அவெய்ட்’ 2012இல் சி ஷார்ப்பிலும், 2015இல் பைத்தானிலும், 2017இல் ஜாவாஸ்கிரிப்ட் தரநிலையிலும், 2019இல் ரஸ்ட்டிலும் நுழைந்தது. முதல் முறை அதை முறையாகக் கற்றவருக்கு மற்ற மூன்று முறையும் இலக்கண மாற்றம் மட்டுமே.

நான்காம் படி: புதிய கருவியை அணுகும் நிலையான முறை

புதிய ஃப்ரேம்வொர்க்கையோ தரவுத்தளத்தையோ கற்க நேரும்போது டுடோரியலில் தொடங்கிப் பழகியிருக்கிறோம். டுடோரியல் வெற்றிபெறும் பாதையை மட்டுமே காட்டும். அதற்கு முன், அதிகாரபூர்வ ஆவணத்தில் கருத்துகளை விளக்கும் பகுதியை முழுவதும் படித்து, சில கேள்விகளுக்கு உங்கள் சொற்களில் விடை எழுதுங்கள். எந்தச் சிக்கலுக்காக இது பிறந்தது? அதைத் தீர்க்க எதை விட்டுக்கொடுத்தது? நிலை (செயலி நினைவில் வைத்திருக்கும் தரவு) எங்கே சேமிக்கப்படுகிறது? பாதியில் தோற்றால் என்ன ஆகும்? பிடிக்காவிட்டால் எப்படி வெளியேறுவது?

எடுத்துக்காட்டாக, 2013இல் திறந்த மூலமாக வெளியான, இணையத் திரைகளைக் கட்டும் ரியாக்ட்டை இந்தக் கேள்விகளோடு அணுகினால், திரையை நிலையின் விளைவாக மட்டுமே பார்க்க வேண்டும் என்ற ஒரே கருத்தைச் சுற்றியே அது அமைந்திருப்பது தெரியும். அதைப் பிடித்துக்கொண்டவருக்கு வியூ, ஸ்வெல்ட் போன்றவற்றில் எது அதே கருத்து, எது வேறு வழி என்று பிரித்தறிய முடியும். கேள்விகள் முடிந்ததும், ஏற்கெனவே வேறொரு கருவியில் செய்துமுடித்த ஒரு சிறு செயலியைப் புதியதில் மீண்டும் எழுதுங்கள். சிக்கல் பழையதாக இருப்பதால் கருவியின் இயல்பு மட்டும் தனித்துத் தெரியும். பின் வேண்டுமென்றே அதை உடையுங்கள். இணைப்பைத் துண்டியுங்கள், தவறான தரவைக் கொடுங்கள், நினைவகத்தைக் குறையுங்கள். அப்போது வரும் பிழைச் செய்திகளை அமைதியான வேளையில் ஒருமுறை பார்த்திருப்பது, பயனர்கள் பயன்படுத்தும் புரொடக்‌ஷனில் அவை வரும் இரவில் கைகொடுக்கும்.

ஐந்தாம் படி: பிறர் நிரலைப் படித்தல்

நாம் எழுதுவதைவிடப் படிக்கும் நிரலே அதிகம். எனினும் அதைப் பயிற்சியாகச் செய்பவர்கள் குறைவு. நாள்தோறும் பயன்படுத்தும் ஒரு சிறு லைப்ரரியைத் தேர்ந்து, ஒரே ஒரு செயற்பாட்டை உள்ளே நுழைவதிலிருந்து விடை வெளிவரும் வரை பின்தொடருங்கள். டெஸ்டுகளை முதலில் படிப்பது நல்லது, ஏனெனில் எழுதியவர் எதற்கு அஞ்சினார் என்பது அங்கே தெரியும். விளங்காத வரி வந்தால் கிட் வரலாற்றில் அது எந்தக் கமிட்டில் (பதிவுசெய்த மாற்றத்தில்), எந்தக் காரணத்துக்காக வந்தது என்று தேடுங்கள். விசித்திரமாகத் தோன்றும் வரிகளில் கணிசமானவை என்றோ நிகழ்ந்த ஒரு பிழையின் தழும்புகளாகவே இருக்கும். கோட் ரிவ்யூவையும் (சக பணியாளரின் நிரலைச் சரிபார்ப்பதையும்) இதே ஆர்வத்தோடு செய்யுங்கள்.

ஆறாம் படி: பிழைதிருத்தத்தை முறையாகச் செய்தல்

அடிப்படை எவ்வளவு உறுதி என்பது பிழை வரும்போதுதான் தெரியும். அறியாத மொழியில் எழுதப்பட்ட, அறியாத அமைப்பில் வரும் பிழையையும் கண்டுபிடிக்க முடிகிறவரே உண்மையில் ஈடுகொடுக்கும் உருவாக்குநர். இதற்கென்று ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் பிழையை விருப்பப்படி மீண்டும் வரவழைக்க வேண்டும். அது முடியாதவரை எந்தத் திருத்தமும் ஊகமே. அடுத்து, எதையும் மாற்றுவதற்கு முன், “இது காரணமாக இருந்தால் இந்த இடத்தில் இந்த மதிப்பு இருக்கும்” என்று ஒரு கணிப்பை எழுதி, அதன்பிறகே பார்க்க வேண்டும். கணிப்பு பொய்த்தால் அது தோல்வியாகாது, தேடும் இடம் சுருங்கியிருக்கிறது.

தேடும் இடத்தைப் பாதி பாதியாகக் குறைப்பது இங்கும் செல்லும். எந்தக் கமிட்டில் பிழை புகுந்தது என்று தெரியாதபோது கிட் பைசெக்ட் கட்டளை ஆயிரம் கமிட்டுகளிலிருந்து குற்றவாளியைச் சுமார் பத்துச் சோதனைகளில் காட்டும். அது செய்வது இருமத் தேடலேயன்றி வேறில்லை. திருத்திய பிறகு, அந்தப் பிழையைப் பிடிக்கும் டெஸ்ட் ஒன்றையும், எந்தத் தவறான நம்பிக்கை உங்களைத் தாமதப்படுத்தியது என்று இரண்டு வரிக் குறிப்பையும் எழுதிவையுங்கள். இந்தக் குறிப்பேட்டுக்கு ஈடான பாடநூல் ஒன்றை நான் அறியேன், ஏனெனில் அது உங்கள் அறியாமையை மட்டுமே பேசும்.

ஏழாம் படி: நேரமும் நினைவும்

வாரத்துக்கு நான்கு மணி நேரம், இரண்டு அமர்வுகளாக ஒதுக்குவது பெரும்பாலானோருக்கு இயலும். அதில் மூன்று மணி நேரம் முதல் படித் தாளின் மூன்றாம் பத்திக்கும், ஒரு மணி நேரம் நடப்புக் கருவிகளுக்கும் போகட்டும். கருவிகளை எப்படியும் வேலை நேரத்தில் கற்கத்தான் போகிறீர்கள். குடும்பப் பொறுப்பு கூடும் காலங்களில் இதை ஒரு மணி நேரமாகக் குறைத்துக்கொள்ளலாம், முற்றிலும் விட்டுவிடுவதுதான் மீள்வதற்குக் கடினம்.

உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885இலேயே, கற்றது தொடக்கத்தில் வேகமாகவும் பின்னர் மெதுவாகவும் மறக்கப்படுவதை அளந்து காட்டினார். உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கும் 2006இல் வெளியிட்ட சோதனைகளில், மீண்டும் மீண்டும் படித்தவர்களைவிட, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு ஒரு வாரத்துக்குப் பின் அதிகம் நினைவிருந்தது. ஆகவே ஒரு பகுதியைப் படித்ததும் மூடிவைத்து, நினைவிலிருந்து ஒரு பக்கம் எழுதுங்கள். சில நாள்கள் கழித்து அதே நிரலைப் பார்க்காமல் மீண்டும் எழுதுங்கள். காணொளி பார்க்கும்போது எல்லாம் புரிவதுபோல் தோன்றுவதை நம்ப வேண்டாம்.

எட்டாம் படி: ஏஐ உதவியாளர்களோடு பணிபுரிதல்

நிரல் எழுதித் தரும் ஏஐ கருவிகள் 2021 முதல் பரவலாகின. முதல் பத்தி அறிவின் மதிப்பை அவை வெகுவாகக் குறைத்துவிட்டன: அமைப்புக் கோப்பின் இலக்கணத்தை இனி யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் அவை எழுதும் நிரல் பார்வைக்குச் சரியாக இருந்துகொண்டே பூட்டை மறந்திருக்கலாம், இல்லாத லைப்ரரியை அழைக்கலாம், நேரம் கடந்துபோன கோரிக்கையை மீண்டும் அனுப்பும்போது பணம் இருமுறை கழிக்கப்படும் வாய்ப்பைக் கவனிக்காமல் விடலாம். இவற்றைப் பிடிக்க வேண்டியவர் நீங்கள்.

கற்கும் அமர்வுகளில் முதலில் நீங்களே எழுதுங்கள், பிறகு அதனிடம் குறை கேளுங்கள். வேலையில் அதை எழுதச் சொல்லும்போது, வரி வரியாக விளக்க முடியாத எதையும் கமிட் செய்யாதீர்கள். இந்த ஒரு விதியைக் கைக்கொண்டால் வேகம் சற்றுக் குறையும், ஆனால் ஓராண்டுக்குப் பின் நிரலும் புரியும், அது ஓடும் அமைப்பும் புரியும்.

ஒன்பதாம் படி: அரையாண்டு மதிப்பீடு

ஆறு மாதங்களுக்கு ஒருமுறை முதல் படியின் தாளை எடுத்து, மூன்று சோதனைகள் செய்யுங்கள். புதிதாக வெளியான ஏதேனும் ஒரு கருவியின் அறிமுக ஆவணத்தைப் படித்து, அது எங்கே உடையும் என்று முன்கூட்டியே எழுதி, பின் ஓட்டிப் பாருங்கள். கணிப்புகள் எத்தனை பலித்தன என்பதே உங்கள் வளர்ச்சியின் அளவு. மூன்றாம் பத்தியிலிருந்து ஒரு தலைப்பை எடுத்து, பணியில் இளையவர் ஒருவருக்குக் குறிப்பின்றிப் பதினைந்து நிமிடம் விளக்குங்கள். அவர் கேட்கும் இரண்டாவது கேள்வியில் நீங்கள் தடுமாறினால், அடுத்த அரையாண்டின் பாடம் கிடைத்துவிட்டது. கடைசியாக, பிழைக் குறிப்பேட்டைப் புரட்டி, எந்தப் பகுதி மீண்டும் மீண்டும் வருகிறது என்று எண்ணுங்கள். வலைப்பின்னல் நேர வரம்புகளே அதிகம் வருகின்றன என்றால், அடுத்து எதைப் படிப்பது என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. அந்தத் தலைப்பைத் தாளின் மேலே எழுதி, அடுத்த வார அமர்வுகளுக்கான நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.